எதிர்க்கடைக்காரியின் குரல்

மறுபடியும் மூச்சு விழுந்துவிட்டது. டப்பிங் இயக்குநர் கருணாகரன் வாயைத் திறப்பதற்கு முன்பே தமயந்திக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேனாவை மேஜையில் வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்தால் டேக் போச்சு என்று அர்த்தம், இத்தனை வருஷத்தில் இதுகூடத் தெரியாதா. ஹெட்போனுக்குள் அவர் குரல் வந்தது. "தமயந்திம்மா, வசனம் ஓகே. பின்னாடி ஒரு மூச்சு விழுது பாருங்க. எட்னா அங்க மூச்சே விடலை. சொல்லிட்டு வாயை மூடிக்கிறா. மூச்சு இழுக்கிறது ஓபல். அவ மூச்சை நீங்க ஏன் இழுக்கறீங்க?" ஏன் இழுக்கிறாள். நல்ல கேள்விதான். டப்பிங்குக்கு வந்த புதிதில் எல்லாரும் செய்கிற தப்பு இது, திரையில் எந்த முகம் பெரிதாகத் தெரிகிறதோ அந்த முகத்தோடு சேர்ந்து தன் நெஞ்சும் ஏறி இறங்கிவிடும், தனக்குக் கொடுத்த உதட்டை விட்டுவிட்டு அடுத்தவள் உதட்டுக்குப் போய்விடும். தலை நரைத்து, சாயம் பூசி, சாயமும் வெளுத்துப்போன இந்த வயதிலா அந்தத் தப்பு. "சாரி சார், இன்னொண்ணு போயிடலாம்" என்றாள். ஒலிப்பதிவாளன் செல்வின் படத்தைப் பின்னால் இழுத்தான். தீப்பந்தம் பிடித்த ஆட்கள் பின்பக்கமாகவே நடந்து தெருமுனைக்குப் போனார்கள், எட்னாவின் வாயிலிருந்து போனது வாய்க்கே திரும்பி வந்தது. படத்தில்தான் இந்த வசதியெல்லாம்.

மொத்தமே இரண்டு வார்த்தை. உள்ளேதான் இருக்கான். நூறு வருஷத்துக்கு முந்தின அமெரிக்காவில், தெற்கே ஏதோ ஒரு பஞ்சாலை ஊர். ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு தையல்கடை. ஒன்று வெள்ளைக்காரி எட்னாவுடையது. இன்னொன்று கறுப்பினத்துப் பெண் ஓபலுடையது. ஓபலின் கை படுசுத்தம், கல்யாண உடுப்பு என்றால் ஊரில் வெள்ளைக்காரச் சீமாட்டிகளே பின்வாசல் வழியாக அவளிடம்தான் போகிறார்கள். எட்னா தன் கடை ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே பட்டன் தைக்கிறாள். முதல் பாதி முழுக்க அவ்வளவுதான் அவள் வேலை, பார்ப்பது. பிறகு ஓபலின் கணவன் ஐசக் பஞ்சாலையில் எடை போடுகிறவனை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டுவிடுகிறான். கேட்டது ஒரு கேள்வி, அதற்கு ஊரே திரண்டு வருகிறது. துப்பாக்கி, மண்ணெண்ணெய், கயிறு. கறுப்பர்கள் குடியிருப்பில் வீடு வீடாகத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் ஓபலின் கடைக்கு முன்னால் வந்து தயங்கி நிற்கிறார்கள், கதவு பூட்டியிருக்கிறது, அவர்கள் திரும்பிப் போய்விடக்கூட இருந்தார்கள். அப்போதுதான் ஒருவன் எதிர்க்கடையைப் பார்த்து, "அம்மணி, ஐசக் எங்கே?" என்கிறான். எட்னா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொல்கிறாள். சொன்ன மறுகணம் காமிரா அவளை விட்டுவிட்டு எதிர்க்கடை ஜன்னலுக்குப் போய்விடுகிறது. அங்கே திரைச்சீலைக்குப் பின்னால் ஓபல் ஒரு மூச்சு இழுக்கிறாள். பிறகு அந்த அலறல். அந்த அலறல், ஓபலுக்குக் குரல் கொடுக்கிற பிலோமினாவுடையது.

பிலோமினா. தமயந்திக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது. அவள் அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்கவில்லை, ஆதங்கம் என்று வைத்திருந்தாள், ஆதங்கப்பட ஒரு மனுஷிக்கு உரிமை இல்லையா என்று தனக்குத்தானே பலமுறை கேட்டு, உண்டு என்று தானே பதிலும் சொல்லியிருந்தாள். குரல் தேர்வு நடந்த அன்றைக்கு இரண்டு பேரும்தான் வந்தார்கள், ஒரே ஆட்டோவில்தான் வந்தார்கள், கொடுத்ததும் ஒரே காட்சிதான். கருணாகரன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டுவிட்டு, "உங்க குரல்ல ஒரு பளபளப்பு இருக்கும்மா, அது வெள்ளைக்காரிக்குத்தான் சேரும்" என்று சிரித்தபடி சொன்னார். பளபளப்பாம். அவர் கண்ணைத்தான் மூடியிருந்தார், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்திருந்தார் அல்லவா. தமயந்தி எலுமிச்சை நிறம். பிலோமினா நல்ல கறுப்பு. சின்ன வயதிலிருந்து அந்த எலுமிச்சை நிறத்தால் தமயந்திக்கு எல்லாம் நடந்திருக்கிறது, பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டாம் பேச்சு பேசவில்லை, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள், கடையில் முதலில் அவளைக் கவனிப்பார்கள். ஒருநாளும் அதை அவள் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஒரு தடவை அது குறுக்கே வந்து நின்றதும் அநியாயம் என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதை நினைத்து வெட்கமும் வந்தது, ஆனால் வெட்கத்துக்கு அவ்வளவு பலம் போதவில்லை, எரிச்சல்தான் ஜெயித்தது.

இதுவரை அவள் குரல் யாருக்கெல்லாம் போயிருக்கிறது. வில்லன் பெண்டாட்டிக்கு. நாத்தனாருக்கு. விமானத்தில் அறிவிப்பு சொல்கிறவளுக்கு. பேய்க்கு, முக்கியமாகப் பேய்க்கு. டிவியில் பேய்ப்படம் ஓடினால் அவள் வீட்டுக்காரர் சேஷாத்ரி மகளைக் கூப்பிட்டு, "வாடி, உங்கம்மா வந்துட்டா" என்பார், அவருக்கு அது பெரிய நகைச்சுவை. ஒரு அழுகை, ஒரே ஒரு நல்ல அழுகை, கேட்கிறவன் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு யாருடைய குரல் இது என்று கேட்கிற மாதிரி ஒரு அழுகை அவளுக்கு வரவில்லை. பிலோமினாவுக்கு மட்டும் என்ன பெரிதாக வந்தது, நியாயமாகச் சொல்லவேண்டுமே, அவளும் இதே வடபழனியில் இதே படிக்கட்டில் உட்கார்ந்து கூட்டக்குரலுக்குக் காத்திருந்தவள்தான். ஒரே மைக்கைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று கத்துவார்கள். முதலில் அடிக்கிற கும்பலுக்குக் கத்த வேண்டும், விடாதே, பிடி, கொளுத்து. அப்புறம் டீ வரும். டீ குடித்துவிட்டு அதே ஏழெட்டுப் பேர் அடிவாங்குகிற ஜனங்களுக்குக் கத்த வேண்டும், ஐயோ, காப்பாத்துங்க, குழந்தை, குழந்தை. தமயந்திக்குக் கொளுத்து நன்றாக வரும். பிலோமினா கொளுத்து சொல்லும்போது சத்தமே வராது, வாயை மட்டும் அசைத்து ஏமாற்றுவாள், ஆனால் அவள் சொல்கிற ஐயோ கூட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும். அந்தத் தனி ஐயோவைக் கேட்டுத்தான் ஒருத்தர் அவளுக்கு முதல் வசனம் கொடுத்தார். நாம் ஏன் ஐயோவை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று தமயந்தி அன்றைக்கு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இந்தப் படத்துக்கும் கூட்டக்குரலை நேற்றே எடுத்து முடித்துவிட்டார்கள். யாரோ புதுப் பிள்ளைகள், கொளுத்துவும் ஐயோவும் அவர்களே.

"போலாமா?" என்றார் கருணாகரன். தமயந்தி தலையாட்டினாள். தெரு. பந்தங்கள். பூட்டிய கதவு. அம்மணி, ஐசக் எங்கே. நூல் அறுந்தது. "உள்ளேதான் இருக்கான்." காதுக்குள் பிலோமினாவின் அலறல் எழுந்தது, ஏற்கெனவே பதிவு செய்து வைத்த அலறல், நல்ல உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் ஓர் இடத்தில் உடைந்தது, கண்ணாடி மாதிரி இல்லாமல் காய்ந்த துணி கிழிகிற மாதிரி, உடைந்த பிறகும் நிற்காமல் போனது. கேட்கும்போதெல்லாம் அந்த இடத்தில் தமயந்திக்குக் கழுத்தின் பின்புறம் சிலிர்த்தது. எப்படிச் செய்தாள் பாவி. யாராலும் வேண்டுமென்று செய்யமுடியாத உடைவு அது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது தமயந்திக்குத் தெரியும், இந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பேனா கீழே வைக்கப்பட்டது. "இப்ப வசனத்துல குற்ற உணர்ச்சி ஜாஸ்தியாயிடுச்சும்மா. ஏதோ அழப்போற மாதிரி சொல்றீங்க. மூச்சும் விழுந்துடுச்சு." செல்வின் மணியைப் பார்த்துக்கொண்டான். பார்க்கட்டும். ஓபலின் பெரிய பெரிய வசனங்களையெல்லாம் பிலோமினா ஒரே டேக்கில் கொடுத்துவிட்டுப் போனாள் என்று இவன்தான் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னான், சொல்லாமல் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

அது மட்டுமா சொன்னான். வசனகர்த்தா முதலில் ஓபலுக்கு எழுதியிருந்தது நம்மூர்ப் படங்களில் குப்பத்துப் பெண்ணுக்கு எழுதுகிற பேச்சாம், இன்னாமே, வந்துகினே, போய்கினே. கறுப்பாக இருந்தால் அந்தப் பேச்சு, வெள்ளையாக இருந்தால் சுத்தத் தமிழ், இது டப்பிங்கில் யாரும் யோசிக்காமல் செய்கிற வழக்கம். பிலோமினா தாளை வாங்கிப் படித்துவிட்டு நேராகக் கருணாகரனிடம் போய், "சார், அந்தப் பேச்சுல ஒரு குறையும் இல்லை, எங்க தெருவுல நான் அப்படித்தான் பேசுவேன். ஆனா எட்னாவும் இதே ஊர்க்காரிதானே, அவளுக்கும் அப்படியே எழுதுங்க, ரெண்டு பேரும் பேசறோம். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எழுதுங்க" என்றாளாம். மாற்றி எழுதிவிட்டார்கள். செல்வின் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையைப் பார்த்ததும் தமயந்திக்குத் தயிர்சாதம் தொண்டையில் நின்றது. தானும் அந்தத் தாளைப் படித்திருந்தாள். எட்னாவுக்கு அழகான தமிழ் எழுதியிருந்தது, பேசுவதற்கு வாகாக இருந்தது, அதனால் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பாளா. சொல்லியிருப்பாள், ஏன் சொல்லமாட்டாள், ஆனால் தோன்றவில்லை. தோன்றுவதிலும் அவள்தான் முந்திக்கொள்கிறாள்.

தொண்டை. போன வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பிலோமினா அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய குரல் அன்றைக்குப் பாதியாக இருந்தது. பேசாதே என்று டாக்டர் சொன்னாராம், அதனால் குசுகுசுவென்றுதான் சொன்னாள், பஸ் சத்தத்தில் தமயந்தி குனிந்து காதைக் கொடுக்கவேண்டியிருந்தது. "தொண்டையில கட்டிடி தமா. உடனே வெட்டி எடுக்கணுங்கறாங்க. அப்புறம் குரல் எப்படி வரும், வருமான்னே தெரியாதாம். இந்தப் படத்தை முடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் கடைசி ரீல் பாக்கி, தேவாலயம் எரியறது, ஐசக்கைப் பொணமாப் பார்க்கறது, எல்லாம். யார்கிட்டயும் சொல்லிடாதடி. தெரிஞ்சா மொத்தத்தையும் தூக்கிட்டு வேற ஆளை வெச்சுப் பேசிடுவாங்க." சத்தியம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தமயந்தி கையில் அடித்துக் கொடுத்திருப்பாள், அந்தச் சமயத்தில் அவளுக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிலோமினாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். பஸ் வந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கோடம்பாக்கம் பாலம் தாண்டுவதற்குள் கண்ணீர் காய்ந்து, வேற ஆளை வெச்சு என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. வேற ஆள் என்றால் யார். குரல் தேர்வுக்கு வந்தது இரண்டே பேர். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மயிலாப்பூர் வரைக்கும் யோசித்தாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் பிரேக் எடுத்துக்கலாம்" என்று கருணாகரன் சொன்னார். தமயந்தி வெளியே போகவில்லை, ஸ்டூலிலேயே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்தாள். அறைக்குள் ஏசி எலும்பைத் துளைத்தது. சத்தம் வரும் என்று பதிவின்போது ஏசியை நிறுத்துவார்கள், இடைவேளையில் மொத்தமாகச் சேர்த்துப் போடுவார்கள். திரையில் எட்னாவின் முகம் அப்படியே நின்றிருந்தது, மணிக்கட்டில் குண்டூசிப் பட்டை, உதட்டோரம் அறுந்த நூலின் ஒரு துணுக்கு. இவள் என்ன தப்பு செய்தாள் என்று தமயந்தி யோசித்தாள். கயிற்றைப் பிடித்தாளா. தீ வைத்தாளா. பொய் சொன்னாளா, அதுவும் இல்லையே, ஐசக் உள்ளேதான் இருந்தான். கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னாள். அவள் சொல்லாவிட்டாலும் இன்னொருத்தி சொல்லியிருப்பாள், கதவை உடைத்திருப்பார்கள். ஆனால் அவள்தான் சொன்னாள், கேட்டதும் சொன்னாள், பட்டன் தைத்த இத்தனை நாளும் யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி சொன்னாள். அப்படிச் சொல்லத்தான் தன்னால் முடியவில்லையோ. அடுத்த காட்சியில் எட்னா என்ன செய்கிறாள் என்று தமயந்திக்குத் தெரியும், ஒன்றும் செய்யவில்லை, எரிந்த கடைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கல்யாண உடுப்புக்கு அளவு எடுக்கிறாள். வாடிக்கை அவளிடம் வந்துவிட்டது. அந்தக் காட்சியில் எட்னாவுக்கு வசனமே கிடையாது, டப்பிங் வேலையும் கிடையாது.

காதில் லேசாக ஒரு கரகரப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிற பொத்தானைக் கருணாகரன் அழுத்தியிருந்தார். "தமயந்திம்மா, ஒண்ணு கேக்கணும். நீங்களும் பிலோமினாவும் ரொம்ப வருஷமா பழக்கம், அதனாலதான்." அவர் பேனாவைத் திறந்து மூடினார். "படக் கம்பெனிக்கு அவங்க பேசின டிராக்கை அனுப்பினோம்ல. அங்கங்க குரல் உடையுதே, நடிப்பா, இல்லை அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதான்னு கேக்கறாங்க. நடிப்புன்னா விட்டுடுவாங்க, அவங்களுக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. உடம்புன்னா இப்பவே மாத்திடணுங்கறாங்க, பாதில நின்னுட்டா ரிலீஸ் தள்ளிப்போயிடும். பிலோமினாகிட்ட கேட்டா நடிப்புன்னுதான் சொல்வாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நடிப்புதான் சார். இதோ, பதில் வாயிலேயே தயாராக இருந்தது, எடுத்துக் கொடுத்தால் போதும். அவ எப்பவும் அப்படித்தான் சார், கூட்டக்குரல் காலத்துலயே அவ ஐயோ தனியா நிக்கும். சொன்னால் பிலோமினா கடைசி ரீலைப் பேசிவிடுவாள், எரிகிற தேவாலயத்தின் முன்னால் நின்று அந்த உடைந்த குரலோடு பேசுவாள், அதற்கப்புறம் குரல் வந்தாலும் வராவிட்டாலும் அது இருக்கும், யார் இது என்று கேட்பார்கள். கேட்பார்கள். தமயந்தியின் மகள் கூட வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அம்மா, பிலோ ஆன்ட்டியா இது, என்பாள். பிலோமினாவுக்கு ஆபரேஷன் நல்லதுதானே, தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கட்டி பெரிதாகிவிட்டால் யார் பொறுப்பு, இந்தப் படமா வந்து பார்க்கும், சிநேகிதி என்றால் அவள் உடம்பைத்தானே முதலில் பார்க்கவேண்டும். இந்த நினைப்பு வந்ததும் தமயந்திக்கு உள்ளுக்குள் ஏதோ சௌகரியமாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. இல்லை, வேண்டாம், தெரியாது சார் என்று சொல்லிவிடலாம், தெரியாது என்பது நடுவில் நிற்கிற வார்த்தை, யாருக்கும் பாதகமில்லை. பஸ் சத்தத்தில் காதோடு வந்த மூச்சு, மாத்திரை வாசனை அடித்த மூச்சு. முழங்கையில் பிடித்த பிடி. தமா என்று அவள் ஒருத்திதான் கூப்பிடுகிறாள். ஒரே ஆட்டோவில்தான் வந்தோம். கொடுத்தது ஒரே காட்சிதான். பளபளப்பாம். செல்வின் தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவளுடைய குரலுக்காக இவ்வளவு நேரம் யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை. உதட்டோரத்தில் ஏதோ ஒட்டியிருப்பது போலிருந்தது, விரலால் துடைத்துக்கொண்டாள்.

"தொண்டையில கட்டி இருக்கு" என்றாள் தமயந்தி.

செல்வின் திரும்பித் தன் பொத்தான்களைப் பார்த்தான். பெரிதாக எதுவும் நடக்கவில்லை, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கருணாகரன் தாளில் ஏதோ எழுதினார், எழுதியதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் இரக்கமும் இருந்தது, அதற்குப் பின்னால் தொழில்காரனுக்கு வருகிற ஒரு கூர்மையும் வந்திருந்தது, அதை அவரால் மறைக்க முடியவில்லை. "தமயந்திம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப சொன்னீங்கள்ல, அதே மாதிரி. அழாம, கோபம் இல்லாம, சும்மா கேட்டதுக்குச் சொன்ன மாதிரி. அதே தொனி. மறக்கறதுக்குள்ள எடுத்துடலாம். செல்வின், ஏசியை ஆஃப் பண்ணு."

ஏசி நின்றது. தமயந்தி ஸ்டூலை விட்டு எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றாள். தெரு. பந்தங்கள். பூட்டிய கதவு, தயங்கி நிற்கிற ஆட்கள். அம்மணி, ஐசக் எங்கே. எட்னா குனிந்து நூலைக் கடித்தாள்.

"உள்ளேதான் இருக்கான்."

உதடு உதட்டோடு அச்சாகப் பொருந்தியது. எதிர்க்கடை ஜன்னலில் ஓபலின் முகம் பெரிதாக வந்தது, மூச்சு இழுத்தது, ஹெட்போனுக்குள் பிலோமினா அலறினாள். இனி அழித்துவிடப் போகிற அலறல். அது உயரத்துக்குப் போய், அந்த இடத்தில் உடைந்து, உடைந்த பிறகும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. தமயந்தி வாயை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். கருணாகரன் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஓகேம்மா" என்றார். "இந்தத் தடவை மூச்சே விழலை."